குருத்துக்குள் சாம்பல்

அத்தியாயம் 6

டோரதிக்குக் கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாள். அன்றைக்கு ராயபுரத்திலிருந்து எர்ணாவூர் வந்து சேர்வதற்குள் துடைத்துத் துடைத்தே புடவைத் தலைப்பில் கறுப்பாக ஒரு வட்டம் விழுந்துவிட்டது.

“அக்கா, வுட்டா கண்ணாடி தேஞ்சு காத்தாடி பேப்பராட்டம் ஆயிடும்” என்றான் ஆட்டோவை ஓட்டிக்கொண்டிருந்த பென்னி. “கோவத்துல கொஞ்சம் மிச்சம் வெச்சிக்கோ. ஆபீசு வாசலே இன்னும் வரல.”

“உன் வேலையப் பாரு.”

“என் வேலை இன்னான்னுதான் நானும் கேட்டுகினு கீறேன். டிரைவரா, அசிஸ்டென்ட்டா? அசிஸ்டென்ட்டுன்னா எனக்கும் ஒரு கூலிங் கிளாஸ் வோணும்.”

“ரெண்டும் இல்ல. நீ வெறும் வாய்.”

இருபது வருஷம் துறைமுகத்தில் வந்திறங்கும் சரக்கைச் சோதிக்கிற வேலை பார்த்தவள் டோரதி. பெட்டியைத் திறக்காமலே உள்ளே பொய் இருக்கிறதா என்று சொல்லிவிடுவாள் என்று பேர். ஒருநாள் மேலதிகாரியின் பெட்டியைப் பார்த்தும் அப்படியே சொல்லிவிட்டாள். வேலை போயிற்று. மீன்வலைக் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் வந்தது. பென்னி கூடவே வந்தான், ஆட்டோவோடும் அதன் முகப்பில் காந்தத்தில் ஒட்டி நிற்கிற வேளாங்கண்ணி மாதாவோடும்.

பின் சீட்டில் டோரதிக்குப் பக்கத்தில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தவள் மதி. வியாசர்பாடிப் பெண். எர்ணாவூரில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் புழு வளர்க்கிற அறை அவள் பொறுப்பு. சிரிக்காதீர்கள் கண்ணுகளா, அது பெரிய வேலை. பெரம்பலூர்ப் பக்கம் ஒரு வயலுக்கு வேலி போட்டு, ‘வஜ்ரா’ என்று பேர் வைத்த புது மக்காச்சோளத்தைச் சோதனைக்குப் பயிரிட்டிருந்தார்கள். படைப்புழு தின்றால் சாகிற மாதிரி மரபணுவை மாற்றிய பயிர். சரி, அதைத் தின்றும் சாகாத புழு ஒன்று கிளம்பிவிட்டால்? அதைக் கண்காணிக்கத்தான் அந்த வயலின் புழுவும் இலையும் வாரம் தவறாமல் எர்ணாவூருக்கு வரும். இலையைப் புழுவுக்குக் கொடுத்து, செத்ததா பிழைத்ததா என்று மதி பார்த்துச் சொல்லவேண்டும்.

போன வருஷமெல்லாம் ‘செத்தது’ என்று சொன்னாள். சம்பளம் வந்தது. இந்த ஐப்பசியில் வந்த புழு சாகவில்லை. தின்று கொழுத்தது. ‘பிழைச்சிருக்கு’ என்று உள்ளதைச் சொன்னாள். போலீஸ் வந்தது. ஜாமீனில் வெளியே வந்ததும் டோரதியைத் தேடி வந்தாள்.

கூடம் கட்டிய கதை இதுதான்: ‘மதி இலையை மாற்றிவிட்டாள். வஜ்ரா இலைக்குப் பதில் சாதா மக்காச்சோள இலையைக் கொடுத்து, போட்டிக் கம்பெனிக்காகப் பொய் முடிவு தயாரித்தாள்.’ அத்தாட்சியாக, அவள் புழுவுக்குப் போட்டதில் மிச்ச இலை குளிர்பெட்டியில் இருந்தது. சோதித்துப் பார்த்தார்கள். சாதா இலை.

இரண்டு மாசம் ஓடிவிட்டது. இன்று மத்தியானம் டெல்லியிலிருந்து விசாரணை அதிகாரி வருகிறார். அவர் ஒரு தடவை தலையாட்டினால் போதும். மதிக்கு ஜெயில். வஜ்ராவுக்கு ஊர் ஊராக வயல்.

“நான் மாத்தலக்கா” என்றாள் மதி, காலையிலிருந்து முதல்முறையாக.

“தெரியும். அதான் எனக்குக் கோவம்” என்று டோரதி மறுபடியும் கண்ணாடியைக் கழற்றினாள்.

*

கூடத்தின் தலைவர் பக்தவச்சலம் சந்தனப் பொட்டும் மடிப்புக் கலையாத சட்டையுமாக எழுந்து நின்று வரவேற்றார்.

“உட்காருங்க மேடம். மதி, நீயும் உட்காரும்மா. இந்தப் பொண்ணை என் மகள் மாதிரி வெச்சிருந்தேன், தெரியுங்களா?”

“உங்க மக ஜாமீன்ல கீறாங்களா சார்?” என்றான் பென்னி.

பக்தவச்சலத்தின் சிரிப்பு ஒரு கணம் நின்று, மறுபடி ஓடியது. மதி தரப்பில் அத்தாட்சியைப் பார்க்க விசாரணை அதிகாரியே அனுமதி கொடுத்திருந்ததால் அவரால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. குளிர்பெட்டியிலிருந்து பொட்டலத்தை வரவழைத்தார்.

“மதி வளர்த்த புழு எங்கே?” என்று கேட்டாள் டோரதி.

“எரிச்சாச்சு மேடம். புழு, கிண்ணம், நாங்க முளைப்பு பார்க்க வெச்சிருந்த விதை, எல்லாம். அதுதானே விதி? ஒரு விதை வெளியே போகக் கூடாது, ஒரு புழு வெளியே போகக் கூடாது. எங்க சூளையிலேயே போட்டுச் சாம்பலாக்கிட்டோம். நானே பக்கத்துல நின்னேன்.”

“அதிகாரிகிட்டயும் இதைச் சொல்வீங்களா?”

“காலையிலேயே போன்ல சொல்லிட்டேனே!”

டோரதி தலையாட்டிக்கொண்டாள். பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே மக்காச்சோளத் தட்டைகளின் நுனி, இலையும் குருத்துமாக. இலை பளபளவென்று இருந்தது.

“இது வயல்ல அறுத்த இலையா, கல்யாணப் பந்திக்குத் தொடச்சு வெச்ச இலையா?” என்றான் பென்னி.

மதி எட்டிப் பார்த்தாள். “எங்களுக்கு வர்ற இலையில கரிசல் மண்ணு அப்பிக்கினு இருக்கும். நாங்க கழுவவே மாட்டோம். கழுவுனா சோதனை கெட்டுப்பூடும்.”

“வழியில் உதிர்ந்திருக்கும்” என்றார் பக்தவச்சலம்.

டோரதி ஒரு குருத்தைக் கையில் எடுத்தாள். மக்காச்சோளக் குருத்து எப்படி இருக்கும் என்று பார்த்திருப்பீர்கள். சுண்டல்காரர் சுருட்டிக் கொடுக்கிற காகிதக் கூம்பு மாதிரி, இலைக்குள் இலை சுருண்டு, வானத்தைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நிற்கும். மேலேயிருந்து எது விழுந்தாலும் உள்ளே வாங்கிக்கொள்ளும். அந்தக் கூம்பை அவள் ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தாள். அடிச்சுற்றில், யாரும் பிரித்துப் பார்க்காத இடத்தில், சாம்பல்நிறப் பொடி படிந்திருந்தது.

“சாம்பல்” என்றாள் டோரதி. குரல் உயர்ந்துவிட்டது. “பெரம்பலூர்ல ஏது சார் சாம்பல்? இது எங்க ஊரு அனல்மின் நிலையத்துச் சரக்கு.”

பக்தவச்சலம் ரசித்துச் சிரித்தார். “மேடம், நீங்க பட்டணத்துக்காரங்க. விவசாயிங்க படைப்புழுவுக்குக் குருத்துல மணலும் அடுப்புச் சாம்பலும் போடுவாங்க. அது அவங்க வழக்கம். மதியையே கேளுங்க.”

டோரதி திரும்பினாள். மதி தலையைக் குனிந்துகொண்டாள்.

“அது நெசம்தான்க்கா. போடுவாங்க.”

முகத்தில் அறைந்தது மாதிரி இருந்தது டோரதிக்கு. அந்த ஆள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். “வேணும்னா ஒரு சிட்டிகை எடுத்துக்கிட்டுப் போங்க. எனக்கு ஒளிக்க என்ன இருக்கு?” என்று தாளையும் அவரே நீட்டினார்.

“சாரு துண்ணூறு குடுக்குறாரு, வாங்கிக்கக்கா” என்று பென்னி பொட்டலம் கட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

*

வெளியே சாலையோர டீக்கடை. விறகடுப்பு. கன்டெய்னர் லாரி ஒவ்வொன்றும் போகும்போது கிளாஸில் டீ குலுங்கியது.

“அந்த சாரு மூஞ்சியப் பாத்தியா? பால்கோவா துன்ன பூனையாட்டம்” என்றான் பென்னி. “இன்னாக்கா இப்ப? அடுப்புச் சாம்பலா, நம்ம சாம்பலா, எப்புடித் தெரியும்? அது மேல ஆதார் நம்பரா போட்டுக்கீது?”

டோரதி கிளாஸைக் கீழே வைத்தாள். அவள் கண் விறகடுப்பின் மேல் இருந்தது.

“துறைமுகத்துல பழைய இரும்பு தூக்குவாங்களே, பெரிய காந்தம். அதுக்குக் கீழ ஒருதபா சாம்பல் மூட்டை ஒடஞ்சுது. அனல்மின் சாம்பல். காந்தத்துக்கு மீசை மொளச்ச மாதிரி ஒட்டிக்கிச்சு. நிலக்கரியில இரும்பு கீது பென்னி. எரிஞ்சாலும் அது போவாது. விறகுல அது ஏது?” அவள் எழுந்தாள். “காந்தம் வோணும்.”

மூவரும் ஒரே நேரத்தில் ஆட்டோவைப் பார்த்தார்கள்.

“அக்கா, வோணாம். அது மாதா.”

“மாதாவக் கேக்கல. மாதா காலுக்குக் கீழ கீற காந்தத்தக் கேக்குறேன்.”

பென்னி சிலுவை போட்டுக்கொண்டு மாதாவைப் பெயர்த்து எடுத்துவந்தான். முதலில் டீக்கடை அடுப்பிலிருந்து ஒரு சிட்டிகைச் சாம்பல். டோரதி அதன்மேல் மாதாவை மெல்ல நகர்த்தினாள். சாம்பல் தேமேயென்று கிடந்தது. பிறகு பொட்டலம். மாதாவின் பாதம் பக்கத்தில் வரவேண்டியதுதான், பொடியில் ஒரு பங்கு துள்ளி எழுந்து, மயிர்மயிராய் நட்டுக்கொண்டு நின்றது.

டீக்கடைக்காரர்கூட ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

“யம்மா, தாயே” என்றான் பென்னி. “மாதாவே சாட்சி சொல்ட்டாங்க.”

“பெரம்பலூர்ல யாரு குருத்துலயும் நிலக்கரிச் சாம்பல் போட மாட்டாங்க” என்றாள் டோரதி. “இந்தச் செடி நம்ம பொகைபோக்கிக்குக் கீழ வளந்தது. மதி புழுவுக்குப் போட்ட மிச்ச இலைய எவனோ தூக்கி எறிஞ்சுட்டு, இங்க வளந்த சாதா இலைய உள்ள வெச்சிருக்கான். இப்ப சொல்லு, இலை ஏன் அவ்ளோ சுத்தமா இருந்திச்சு?”

“தொடச்சிருக்காங்க.”

“யாரு தொடைப்பா?”

பென்னி விரலை மடக்கி எண்ணினான். “எங்கம்மா தொடைக்கும். சோத்துத் தட்டு, தண்ணிக் கொடம், கொடியில காஞ்ச துணி. எண்ணூர்ல கட்டிக்குடுத்த எங்க அக்கா, கீரைய வாங்குனா ஒவ்வொரு இலையாத் தொடச்சிட்டுத்தான் அரியும்.”

“அதான். அண்ணாநகர்லேர்ந்து வர்ற பக்தவச்சலம் இலை மேல சாம்பலப் பாத்திருந்தா, அய்யோ, மாட்டிக்குவோமேன்னு குருத்தையும் பிரிச்சுப் பாத்திருப்பாரு. இத அறுத்த ஆளு நம்ம ஆளு. அவனுக்குச் சாம்பல் கண்ணுலயே படாது. கை தானா தொடச்சிருக்கு. யோசிக்கவே இல்ல.”

ஒரு ஊரே காலையில் எழுந்து தட்டைத் துடைத்துவிட்டுச் சாப்பிடுகிறது. அது வழக்கமாகிப் போச்சு. ஏன் துடைக்கிறோம் என்று கேட்கக்கூட மறந்து போச்சு.

“அக்கா” என்றாள் மதி. அவள் முகம் வெளிறியிருந்தது. “எங்க வாட்ச்மேன் இன்னாசி அண்ணன். அத்திப்பட்டு. வூட்டுப் பின்னாடி மக்காச்சோளம் போட்டுருக்காரு. எனக்குக்கூட கதிர் சுட்டு எடுத்தாந்து குடுப்பாரு.”

*

இன்னாசிக்கு ராத்திரி வேலை. பகலில் வீட்டில் இருந்தார். மதியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்து, அடுத்த கணமே வாடியது. பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டார். தோளில் கிடந்த துண்டால் ஒவ்வொன்றாக, கை பிடிக்கிற இடம்வரை, பரபரவென்று துடைத்தார்.

பென்னி டோரதியைப் பார்த்தான். டோரதி பென்னியைப் பார்க்கவில்லை. அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாசி அண்ணே, சாருக்கு மக்காச்சோள இலை அறுத்துக் குடுத்தீங்களே, அப்பவும் இதே துண்டாலதான் தொடச்சீங்களா?”

“இல்ல, அது வேற...” என்றுவிட்டு இன்னாசி நின்றார்.

வாய் தவறிவிட்டது. நாற்காலியில் உட்காரவேண்டியவர் தரையிலேயே குந்திவிட்டார். இருமல் வந்தது.

“புழுவுக்குன்னு சொன்னாரும்மா” என்றார், மதியின் முகத்தைப் பார்க்காமல். “நாலு தட்டை அறுத்தாந்து குடுன்னாரு. அறுத்தாந்தேன். உன்ன மாட்டி வுடறதுக்குன்னு மாதா மேல சத்தியமா எனக்குத் தெரியாது.”

“இப்பத் தெரியுதில்ல? மத்தியானம் வந்து அதிகாரிகிட்ட சொல்லுங்க” என்றாள் டோரதி.

“வோணாம்மா. சாரு நல்லா வெச்சிருக்காரு. இந்த இருமலோட எனக்கு எவன் வேலை குடுப்பான்?”

“அந்தப் பொண்ணு ஜெயிலுக்குப் போவப்போவுது!” டோரதி போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற கோழி கூரை ஏறியது. “நல்லா வெச்சிருக்காரா? உங்க கைய வெச்சே இவ கழுத்த அறுத்திருக்காரு, நல்லா வெச்சிருக்காரா?”

இன்னாசி கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு டோரதியை இன்னும் எரித்தது. இவர் மேல் கோபப்பட்டு என்ன பிரயோசனம்? ஆனால் சாட்சி இல்லாமல் போய் நின்றால், மாதாவையும் சாம்பலையும் வைத்துக்கொண்டு வித்தை காட்டுகிறாள் என்று பக்தவச்சலம் சிரிப்பார். நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

“அன்னிக்குச் செஞ்ச பாவம்தான்” என்று இன்னாசி தனக்குத்தானே முனகினார். “அப்பாலயிருந்து கொல்லை முச்சூடும் புழு. மருந்து அடிச்சேன், கேக்கல. எல்லாத்தையும் புடுங்கிப் போட்டேன். குப்பைமேட்டுல தானா மொளச்சது மட்டும்தான் நிக்குது.”

வாசலுக்குப் போன டோரதி திரும்பினாள்.

“தானா மொளச்சதா?”

வீட்டுக்குப் பின்னால், காய்ந்த ஓடைக்கரையில், ஒரு குப்பைமேடு. அதன் தலையில் மக்காச்சோளம் கொத்தாக முளைத்து இடுப்புயரம் நின்றது. எவரும் விதைத்த மாதிரி இல்லை. ஒரு பை விதையை ஒரே இடத்தில் கவிழ்த்தால் எப்படி முளைக்குமோ, அப்படி நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. இலையெல்லாம் சாம்பல். கீழே, மழையில் பாதி புதைந்து, வெள்ளையாய் என்னவோ.

மதி ஓடிப்போய் மண்டியிட்டாள். கையாலேயே தோண்டினாள். சின்னச் சின்ன பிளாஸ்டிக் கிண்ணங்கள், மூடி போட்டும் மூடி இல்லாமலும்.

“என் கிண்ணம்” என்றாள். “ஒரு புழுவுக்கு ஒரு கிண்ணம்க்கா. ஒண்ணாப் போட்டா ஒண்ண ஒண்ணு துன்னுடும். மூடியில ஊசியால ஓட்டை போட்டது நான்தான்.”

டோரதி மெதுவாக இன்னாசி பக்கம் திரும்பினாள். “சூளையில எரிச்சாச்சுன்னு சொன்னாரே?”

“சூளை ரிப்பேராகி எத்தினியோ நாளாச்சும்மா” என்றார் இன்னாசி. “புழு, விதை எல்லாத்தையும் ஒரே மூட்டையாக் கட்டிக் குடுத்தாரு. ‘அத்திப்பட்டுதானே, அங்க எவன் பார்க்கப்போறான், கொட்டிட்டு வா’ன்னாரு.”

டோரதி கண்ணாடியைக் கழற்றினாள். ஆனால் துடைக்கவில்லை. கையில் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

அத்திப்பட்டுதானே. எவன் பார்க்கப்போறான். சாம்பல் கொட்டினவன் சொன்னது அதுதான். கடலில் எண்ணெயைக் கொட்டினவன் சொன்னதும் அதுதான். ஊருக்கெல்லாம் வேண்டாதது எதுவோ அதற்கெல்லாம் ஒரே விலாசம்.

“மதி, இலை எதுன்னு காட்டுற சோதனைப் பட்டை ஒண்ணு சொன்னியே...”

“பையில கீதுக்கா. வேலைய விட்டுத் தொரத்துனவங்க பைய வாங்கிப் பாக்கல.”

மதி குப்பைமேட்டுச் செடியில் ஒரு துண்டு இலையைக் கிள்ளி, தண்ணீர் விட்டு நசுக்கி, மெல்லிய தாள்பட்டை ஒன்றை அதில் நிறுத்தினாள். சாதா இலை என்றால் ஒரு கோடு. மரபணு மாற்றிய இலை என்றால் இரண்டு. நான்கு தலைகள் அந்தப் பட்டையின் மேல் கவிழ்ந்தன. ஒரு கோடு வந்தது. காத்திருந்தார்கள். அதற்குக் கீழே, வெட்கப்படுகிற மாதிரி, இன்னொன்று.

“ரெண்டு கோடு!” என்று கத்தினான் பென்னி. “வாழ்த்துக்கள் இன்னாசி அண்ணே, வூட்டுல விசேஷம்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் மதி அந்தச் செடியின் குருத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே மரத்தூளை நனைத்துப் போட்ட மாதிரி புழுவின் எச்சம். அதற்குள்ளிருந்து, விரல்தண்டி கொழுத்து, நெற்றியில் வெள்ளைக் கோடு கவிழ்த்துப் பிடித்த கவட்டை மாதிரி தெரிய, ஒரு படைப்புழு தலையை நீட்டியது. சின்னதிலிருந்து பெரிதுவரை அது கடித்த ஓட்டைகள் அந்தச் செடியிலேயே, அடியிலிருந்து நுனிவரை, இருந்தன.

“இங்கயே பொறந்து, இங்கயே துன்னு, இங்கயே வளந்திருக்கு” என்றாள் மதி. “சாவலக்கா. நான் சொன்ன மாதிரியே சாவல.”

பிறகு அவள் செய்ததை டோரதி எதிர்பார்க்கவில்லை. எழுந்து இன்னாசி முன்னால் போய் நின்றாள்.

“அண்ணே, உங்க கொல்லையத் துன்னது என் புழு. நான் வளத்தது. மன்னிச்சிக்கோங்க.”

சாட்சி சொல் என்று அவள் கேட்கவேயில்லை. இன்னாசி துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

*

மத்தியானம் கூடத்துக்கு வந்து சேர்ந்த விசாரணை அதிகாரி ஜானட் குள்ளமான, களைத்த பெண்மணி. பயணப் பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. மேஜைக்கு எதிரே பக்தவச்சலம் பேசிக்கொண்டிருந்தார்.

“...எல்லாத்தையும் எரிச்சாச்சு மேடம். ஒரு விதை, ஒரு புழு வெளியே போகல.”

கதவு திறந்தது. பென்னி ஒரு பெயின்ட் வாளியை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தான். அதில் வேரோடு பெயர்த்த மக்காச்சோளச் செடி, கொசுவலை சுற்றி.

“மேடம், சாட்சி கூட்டியாந்துகீறேன். பேசத் தெரியாது. துன்னத்தான் தெரியும்.”

“என்ன இது?” என்றார் ஜானட்.

டோரதி சுருக்கமாகச் சொன்னாள். குருத்துச் சாம்பல், காந்தம், துடைத்த இலை. ஜானட் குளிர்பெட்டிப் பொட்டலத்தை எடுத்துவரச் சொன்னார். மாதாவை அவரே கையில் வாங்கி, அவரே சாம்பலின் மேல் நகர்த்தினார். மீசை எழுந்தது. பிறகு தன் பெட்டியைத் திறந்து, தான் கொண்டுவந்த பட்டையை எடுத்து, வாளிச் செடியின் இலையை நசுக்கித் தோய்த்தார். இரண்டு கோடு. குருத்தைப் பிரித்தார். கொழுத்த புழு அவர் விரலைப் பார்த்துச் சுருண்டது.

“இந்தம்மா எங்கேயோ இருந்து ஒரு செடியைப் பிடுங்கிட்டு வந்து...” என்று ஆரம்பித்தார் பக்தவச்சலம்.

“எங்கேயோன்னா எங்க சார்?” டோரதி இத்தனை நேரம் அடக்கி வைத்திருந்தது உடைந்தது. நாகரிகப் பேச்செல்லாம் கழன்று விழுந்தது. “இந்த வெத நாட்டுலயே ரெண்டு எடத்துலதான் கீது. பெரம்பலூரு வேலிக்குள்ள, உன் ரூமுக்குள்ள. எரிச்சுட்டேன்னு காலையில என்கிட்ட சொன்ன, போன்ல சொன்ன, இப்பவும் சொன்ன. எரிஞ்ச வெத அத்திப்பட்டுல எப்புடி மொளச்சுது? இன்னா, பேயா?”

“வயல்லேர்ந்து திருடியிருப்பா! இவதான் திருடியிருப்பா!” பக்தவச்சலத்தின் விரல் மதியை நோக்கி நீண்டது.

“திருடல சார்.”

வாசலில் இன்னாசி நின்றார். வாட்ச்மேன் உடுப்பைத் தோய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார், ஈரம்கூடக் காயவில்லை. தோளில் ஒரு சாக்கு. அதை மேஜையின் மேலேயே கவிழ்த்தார். மண் ஒட்டிய கிண்ணங்கள் சடசடவென்று உருண்டு, பக்தவச்சலத்தின் மடிப்புக் கலையாத சட்டைவரை போயின.

“நான்தான் கொட்னேன். நீங்க கொட்டச் சொன்னீங்க. இலையும் நான்தான் அறுத்தாந்தேன். நீங்க கேட்டீங்க.” இருமல் வந்தது. அடக்கிக்கொண்டார். “எங்க ஊர எவன் பாக்கப்போறான்னு சொன்னீங்களே சார். தோ, பாக்க வந்துட்டாங்க.”

பக்தவச்சலம் உட்கார்ந்தார். பொட்டு வியர்வையில் கரைந்து மூக்குக்கு இறங்கியது.

ஜானட் யாரையும் திட்டவில்லை. போனை எடுத்து, கூடத்துக்கு சீல் வைக்கச் சொன்னார். வஜ்ராவின் சோதனை முடிவு எதுவும் இனி செல்லாது என்றார். புழுவையும் செடியையும் தனியே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். கடைசியாக மதியைப் பார்த்தார்.

“உங்க மேல தப்பு இல்லைன்னு இன்னிக்கே எழுதிடறேன். போலீஸ் புகாரும் வாபஸ் ஆகும். வேற இடத்துல ஏற்பாடு பண்றேன், திங்கக்கிழமை வேலைக்கு வாங்க.”

டோரதி பெருமூச்சு விட்டாள். பென்னி கை தட்ட உயர்த்தினான். மதி மட்டும் சிரிக்கவில்லை. மேஜையில் கிடந்த கிண்ணங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மேடம், இதுங்கள்ள வெச்ச புழுவெல்லாம் மண்ணுக்குள்ள போயி, கூடு கட்டி, அந்துப்பூச்சியாயி எப்பவோ பறந்துடுச்சு. இன்னாசி அண்ணன் கொல்லையில கண்டது அதோட குட்டிங்க. மீதி எங்க போச்சு?”

ஜானட் ஒரு கிண்ணத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“நீங்க திங்கக்கிழமைன்றீங்க. திங்கக்கிழமைவரைக்கும் அது காத்துகினு இருக்குமா?”

மதி கிண்ணங்களைச் சாக்கில் அள்ளிப் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டாள். “பென்னிண்ணா, வண்டிய எடுங்க. இன்னும் பொழுது கீது. மொதல்ல அந்தக் குப்பைமேட்டைப் புடுங்கணும். அப்பால மீஞ்சூர் வரைக்கும் எவன் கொல்லையில மக்காச்சோளம் நிக்குதோ அங்கெல்லாம் போவணும்.”

“என் வண்டியா? நான் அசிஸ்டென்ட்டும்மா.”

“நானும் வரேன்” என்றார் இன்னாசி. “எந்த வூட்டுல போட்டுக்கீறாங்கன்னு எனக்குத் தெரியும்.”

“நானும்தான்” என்று ஜானட் எழுந்தார். பயணப் பெட்டி பிரிக்கப்படாமலே கிடந்தது.

ஆட்டோவில் பென்னி மாதாவைப் பழைய இடத்தில் ஒட்டப் போனான். காந்தத்தின் அடியில் சாம்பல் இன்னும் மயிர்மயிராய் நின்றது. துடைத்துவிட்டு ஒட்டலாம் என்று துணியை எடுத்தான். டோரதி அவன் கையைப் பிடித்தாள்.

“தொடைக்காத.”

“கலீஜா கீதுக்கா.”

“இருக்கட்டும். தொடச்சுத் தொடச்சுத்தான் எவன் கண்ணுக்கும் தெரியாமப் போச்சு.”

அவள் தன் மூக்குக்கண்ணாடியையும் அப்படியே, அழுக்கோடு, எடுத்து மாட்டிக்கொண்டாள். அத்திப்பட்டுப் புகைபோக்கிகள் அதன் வழியாக நன்றாகத்தான் தெரிந்தன.